ஜூன் மாதத்துக்கு டிக்கெட் எடுக்காதே

பாபநாசம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அப்பாவும் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஜூன் மாதத்துக்கு எங்களுக்கு விமான டிக்கெட் எடுக்கப்போவதாகச் சொன்னாய். எடுக்காதே. தொலைபேசியில் இதை விளக்க ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு தன் பங்குக்கு ஏதாவது சொல்லுவார், கடைசியில் நான் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

"அங்கே செய்வதை இங்கே வந்து செய்யுங்கள் அம்மா, ஜன்னலோரமாக மேஜை போட்டிருக்கிறேன்" என்றாய். மேஜை இருக்கட்டும். எனக்கு ஆனி மாதத்தில் வேண்டியது சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்கள். அவர்களை நியூரம்பெர்க்கில் எங்கே போய்த் தேடுவது?

இந்த ஆண்டு நவராத்திரிக்கு ஒரு நடவு வரிசையைப் பொம்மைகளாகச் செய்துகொண்டிருக்கிறேன். கும்பகோணத்தில் ஒரு வீட்டார் தங்கள் கொலுவுக்குக் கேட்டிருக்கிறார்கள். ராமர் செட், கல்யாண செட், கிரிக்கெட் செட் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. எல்லாம் அச்சில் வார்த்தவை, மாப்பிள்ளைக்கும் நாதஸ்வரக்காரருக்கும் ஒரே முகம். வயல் செட் ஒன்று கையால் செய்து தர முடியுமா என்று அந்த வீட்டுப் பாட்டி கேட்டார். மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டேன்.

மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பதுதான் வழக்கம், அணையில் நீர் இருந்தால். பம்ப்செட் வைத்திருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்காமல் முன்னதாகவே நாற்று விட்டுவிடுவார்கள். எப்படியானாலும் ஆனியில் குறுவை நடவு மும்முரமாகிவிடும். இப்போது நம் பக்கத்திலும் இயந்திர நடவு அதிகம். கை நடவு எந்த வயலில் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, ஆட்கள் இறங்கும் நேரத்துக்கு நான் வரப்பில் இருந்தாக வேண்டும். புகைப்படம் எடுத்து வரச் சொல்லிப் பார்த்துச் செய்யக்கூடாதா என்று கேட்பாய். புகைப்படத்தில் எடை தெரியாது. குனிந்திருப்பவளின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது, சேற்றிலிருந்து குதிகாலைப் பிடுங்கும்போது இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, இடது கையில் இருக்கும் நாற்றுமுடியிலிருந்து வலது கைக்கு நாற்று எப்படிப் பிரிந்து வருகிறது, இவையெல்லாம் அவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடும்போதுதான் கண்ணில் படும். போன குறுவையில் வரைந்த நோட்டுப் புத்தகம் கைவசம் இருக்கிறது. அதில் முதுகுகள் நன்றாக வந்திருக்கின்றன. கால்கள் போதவில்லை.

முகம் பற்றி உன் அப்பாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கு நடக்கிறது. குனிந்திருக்கும் பெண்களுக்கு நான் முகம் செய்யவில்லை. மூக்கு, நெற்றி என்று ஒரு சாயல் மட்டும் வைத்துத் தலைத்துணியால் மூடிவிட்டேன். பொம்மை என்றால் முகம் வேண்டாமா என்கிறார். கொலுப்படிக்கு முன்னால் நிற்பவர்களுக்குத் தெரியப்போவது முதுகும் கையும்தான். என் உழைப்பையெல்லாம் அங்கே போட்டிருக்கிறேன். வரிசையின் கடைசியில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, முதுகைப் பின்னால் வளைத்து நிற்கிறாள். அவளுக்கு மட்டும் முழு முகம், கொஞ்சம் எரிச்சலோடு.

நீ அனுப்பும் பாலிமர் களிமண்ணில்தான் எல்லாம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "ஜெர்மனி மண்" என்று உன் அப்பா பெருமையடித்துக்கொள்கிறார். அதில் மண் ஒரு துளியும் கிடையாது. பி.வி.சி. தூளும், அதை இளக்கி வைக்கும் ஒரு திரவமும், நிறமும் சேர்ந்த பொருள் அது. காற்றில் வைத்தால் காயாது. 110 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சுட்டால்தான் இறுகும். எனக்கு இது பிடித்ததற்குக் காரணமே அதுதான். நடுவில் மின்சாரம் போனாலும் கவலையில்லை, வந்த பிறகு மறுபடி சுடலாம். உடலைச் சுட்டு எடுத்து, அதன்மேல் புடவையைப் போர்த்தி இரண்டாம் முறை சுடலாம். நாற்றுமுடியை வைத்து மூன்றாம் முறையும் சுடலாம். குயவர் சூளையில் இந்தச் சலுகை கிடையாது.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசுவதை நீ சின்னப் பையனாக இருந்தபோது பார்த்திருக்கிறாய். அங்கே மண் வெளிக்கூடு. மெழுகு உருகி ஓடிய பிறகு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் கூட்டை உடைத்துப் போட்டுவிடுவார்கள். என் பொம்மையில் எலும்பு உள்ளே இருக்கிறது. குதிகாலிலிருந்து பிடரி வரைக்கும் ஒரே கம்பி, அதைச் சுற்றிக் கசக்கி இறுக்கிய அலுமினியத் தாள், அதற்கு மேலேதான் களிமண். பருமனான இடத்தை முழுக்கக் களிமண்ணால் நிரப்பினால் உள்ளே சரியாக வேகாது, விரிசலும் விடும், அதோடு நீ அனுப்பும் பொட்டலங்களும் தீர்ந்துபோகும்.

ஓவனைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் தனியாக வைத்திருக்கிறேன். இதைச் சுடும் ஓவனில் சாப்பாட்டுப் பொருளைச் சுடக்கூடாது. சூடு எக்கச்சக்கமாக மீறிப்போனால் பி.வி.சி. கருகி ஹைட்ரஜன் குளோரைடு புகையும் வரும், நுரையீரலுக்குக் கெடுதல். ஓவனின் திருகில் 110 என்று வைத்தால் உள்ளே 110தான் இருக்கும் என்று நம்பக்கூடாது. தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். உன் அப்பா கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்த அதே சிரத்தையோடு கைக்கடிகாரமும் கையுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். மனிதருக்கு ஓய்வுக்குப் பிறகு ஒரு உத்தியோகம் கிடைத்திருக்கிறது, அதையும் நீ கெடுக்கப் பார்க்கிறாய்.

வெயில்தான் பெரிய தொல்லை. சித்திரைப் பகலில் களிமண் கையில் நிற்பதில்லை, அழுத்தினால் விரல் ரேகை முழுதும் பதிந்துவிடுகிறது. ஆகவே களிமண் வேலை விடியற்காலையோடு சரி. விரல் போன்ற நுணுக்கங்களுக்கு நடுநடுவே ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுக்கிறேன். வெயில் ஏறியதும் அதை மூடிவைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நீர்வண்ணம். ஒரே நேரத்தில் எதற்கு அம்மா இத்தனை வேலை என்று நீ கேட்டதற்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. மீதிப் பதில், எனக்கு அப்படித்தான் வேலை ஓடுகிறது. பத்திரிகைக் கதைக்கும் பாடநூலுக்கும் வரைந்த காலத்தில் ஒன்றை முடித்து, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட முடியும். இப்போது அந்த நெருக்கடி இல்லை.

நீர்வண்ணம் என்றது அந்தச் சிறுவர் புத்தகத்துக்கு. வயலில் வாழ்பவற்றைப் பற்றியது: விரால், கெளுத்தி, வயல் நண்டு, நத்தை, மடையான், உள்ளான். நத்தைகுத்தி நாரை மட்டும் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. அதன் இரண்டு அலகுகளும் அடியிலும் நுனியிலும் சேரும், நடுவில் சேராது. அந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளியைக் காட்டாமல் ஏதோ ஒரு கொக்குக்குக் கறுப்புச் சிறகு ஒட்டியதாக வரைந்துவிடுகிறார்கள் பலர். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். ஆகவே தாயையும் குஞ்சையும் ஒரே பக்கத்தில் போட்டால் அலகு வேறு வேறாக இருக்க வேண்டும். பதிப்பாளர் அதைப் பார்த்து "ஒன்றில் தவறு இருக்கிறதே" என்றார். தவறு இல்லை, அப்படியே அச்சிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நிறமும் அப்படித்தான். இனப்பெருக்க காலத்தில் வெள்ளை, மற்ற நாளில் புகை படிந்த சாம்பல். என் படம் மார்கழி வயல், கூடு கட்டும் காலம், எனவே வெள்ளை. நத்தை ஓட்டை அது நொறுக்குவதில்லை. கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டுச் சதையைப் பிடுங்கி எடுக்கிறது. உடையாத ஓடுகள் வரப்போரம் கிடக்கும், சில என் மேஜையில் இருக்கின்றன.

இப்படிப் பார்த்தபடி வரைவதில் எனக்குத் துணை, சரபோஜி காலத்து ஓவியர்கள். தஞ்சாவூர் சரசுவதி மகாலில் அந்த மன்னர் வரையச் செய்த பறவை, விலங்குப் படங்கள் இருக்கின்றன. கண் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புத் தாள்களும் இருக்கின்றன. ஒவ்வொரு நோயாளியின் கண்ணும் எப்படி இருந்தது என்று வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் அச்சுப் படிகளைப் பார்த்தேன். அரண்மனை ஓவியர் ஒருவர், நகையும் முத்தும் பதித்துப் பழகிய கை, சிவந்து பூத்த ஒரு கண்ணை அலங்காரமே இல்லாமல் வரைந்திருக்கிறார். தஞ்சாவூர் ஓவியம் என்றால் தங்க ரேக்கு மட்டும்தான் என்று பேசுகிறவர்களிடம் இதைக் காட்ட வேண்டும்.

மேலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகங்களைப் பார்த்து வரைந்த கோட்டோவியங்களும் ஒரு கட்டு கிடக்கின்றன. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி இந்த ஆண்டும் போவேன். ராத்திரி விழித்து உட்கார முடிந்தவரை வரைவேன். அதை வைத்து என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை, கேட்காதே.

தலையாட்டி பொம்மை ஒன்றையும் இந்தக் களிமண்ணில் முயன்றுகொண்டிருக்கிறேன். ராஜா ராணி எளிது, அடிப்பகுதி உருண்டையாகவும் கனமாகவும் இருந்தால் சாய்த்தாலும் எழுந்துவிடும். ஆடும் பெண்தான் சிரமம். தலையைக் கம்பியில் தொங்கவிட்டு, கழுத்தின் அடிப்பகுதி உள்ளே இறங்கித் தொங்க வேண்டும், கீழே இருக்கும் எடைதான் ஆட்டத்தைத் தருகிறது. தஞ்சாவூர்க்காரர்கள் காகிதக் கூழில் செய்வதால் தலை லேசாக இருக்கும். என் களிமண் தலை கனமாகி இரண்டு ஆட்டத்தில் நின்றுவிடுகிறது. தலைக்குள்ளேயும் அலுமினியத் தாள் உருண்டை வைத்துப் பார்க்கப் போகிறேன்.

இனி உனக்கு வேலை. உங்கள் பவேரியாவிலேயே டோனாவெர்த் என்ற ஊரில், கேத்தெ குரூஸெ என்று பொம்மை செய்த ஒரு அம்மாளின் பெயரில் பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. 1905இல் அவர் மகள் பொம்மை கேட்டபோது, கணவர் ஒரு சிற்பி, கடைப் பொம்மைகள் பிடிக்காமல் நீயே செய்துகொடு என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மாள் துண்டில் மணலைக் கட்டி, உருளைக்கிழங்கைத் தலையாக வைத்து முதல் பொம்மையைச் செய்தார். பின்னாளில் பொம்மைத் தொழிற்சாலைக்கு உதவுமா என்று வந்த ஒரு செயற்கைப் பொருள் அங்கே ஒத்துவரவில்லை. வீட்டில் ஃபிஃபி என்று அழைக்கப்பட்ட மகள் சோஃபி அதை எடுத்துப் பிசைந்து வேலை செய்து பார்த்தார். 1964இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் அதை அவரிடமிருந்து வாங்கியது. நீ எனக்கு அனுப்பும் ஃபிமோ அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வா. அங்கே படம் எடுக்க விட்டால் பொம்மைகளின் முகங்களைப் பக்கவாட்டில் எடுத்து அனுப்பு. தொழிற்சாலைப் பொம்மைக்குக் குழந்தை முகம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

அடுத்த பொட்டலத்தில் "தோல் நிறம்" என்று போட்டிருப்பதை அனுப்பாதே. அதில் செய்தால் வெள்ளைக்காரி குறுவைக்கு இறங்கியது போல இருக்கிறது. பழுப்பும் காவி மஞ்சளும் வெள்ளையும், கொஞ்சம் சிவப்பும் அனுப்பு, நானே கலந்துகொள்கிறேன். சுட்டால் நிறம் சற்று அடர்ந்துவிடும் என்பதால் வெள்ளை நிறையச் செலவாகிறது. கறுப்பு வேண்டாம், போன தடவை வந்ததே அப்படியே கிடக்கிறது. பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அனுப்பாதே. சில பிளாஸ்டிக்கை இந்தக் களிமண் அரித்து ஒட்டிக்கொள்ளும், பாலித்தீன் உறையே போதும்.

எங்களைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் நவராத்திரிக்கு வாருங்கள். அதற்குள் நடவு வரிசை கும்பகோணம் போய்ச் சேர்ந்திருக்கும், கொலுவில் பாப்பாவே பார்க்கலாம். வரப்பில் குந்தி உட்கார்ந்து நண்டு வளையைக் குச்சியால் கிளறும் ஒரு சின்னப் பெண்ணையும் செட்டில் சேர்த்திருக்கிறேன், அவளுக்குக் கைதான் இன்னும் வரவில்லை. பெரியவர்கள் கையைச் சிறிதாக்கினால் குழந்தைக் கை ஆகாது, முட்டியில் மேடு இருக்காது, குழிதான் இருக்கும். ஆகவே பாப்பா கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, குச்சியைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும்படி மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து இந்த வாரமே அனுப்பு. சிரிக்கச் சொல்லி நிற்க வைக்காதே, கை மட்டும் போதும்.

அன்புடன்,
அம்மா