கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா, அப்பா?

டவுன்ஸ்வில், ஆஸ்திரேலியா,
ஆவணி 8

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இருபது நாளாகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். மறுநாள் விடியற்காலையில் படகேற வேண்டியிருந்தது, அப்படியே நின்றுபோனது. போனில் "சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு" என்பதோடு நமக்குப் பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தானே நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

"மீனை எப்படி எண்ணுவா, அது நிக்குமா?" என்று அப்பாயி கேட்டதாம். நிற்காதுதான். பவளப்பாறையோரமாக 50 மீட்டர் நீந்துவேன். இந்தப் பக்கம் இரண்டரை மீட்டர், அந்தப் பக்கம் இரண்டரை மீட்டர் என்று மனசுக்குள் வரப்பு போட்டுக்கொண்டு, அதற்குள் வரும் பெரிய மீன்களை எண்ணிப் பலகையில் பென்சிலால் எழுதுவேன். அளவு டேப்பைப் பின்னால் வருகிறவர்தான் விரித்துக்கொண்டு வருவார். முதலிலேயே விரித்தால் மீன் கலைந்துவிடும். திரும்பி வரும்போது ஒரு மீட்டர் அகலத்துக்குள் சின்ன மீன்கள். இரும்புக் கம்பி அடித்து அடையாளம் வைத்திருக்கிறார்கள், அதனால் வருடா வருடம் அதே இடம்தான்.

எண்ணினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர் என்று கண்ணாலேயே சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். பயிற்சியில் குழாய்த் துண்டுகளைக் காட்டி நீளம் கேட்டார்கள், எனக்கு அதிகம் தப்பவில்லை. வரப்பில் நின்று பார்த்தே ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை என்று சொல்வீர்களே, பக்கத்தில் நின்று பழகிய கண் அப்பா இது.

கிளிமீன் என்று ஒன்று இருக்கிறது. பாறையைக் கடித்து மென்று மணலாக வெளியே விடும். கடிக்கிற சத்தம் நறநறவென்று தண்ணீருக்குள் நன்றாகவே கேட்கும். கடல் சூடேறி 2016-லிருந்து 2024 வரை மட்டும் ஐந்து முறை இங்கே பவளம் பெருமளவில் வெளுத்திருக்கிறது. செத்த பவளத்தின் மேல் பாசி படர்ந்துவிட்டால் புதுப் பவளம் ஒட்டாது. அந்தப் பாசியை மேய்ந்து தீர்ப்பது இந்த மாதிரி மீன்கள்தான், வயலுக்குக் களையெடுக்கிற ஆள் மாதிரி. எத்தனை பேர் மிச்சம் என்று தெரிந்துகொள்ளத்தான் எண்ணுகிறோம்.

இப்போது இங்கே குளிர்காலம். ஊருக்குள் அப்படி ஒன்றும் தெரியாது. ஆனால் 23 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடந்துவிட்டு ஏறினால், ரப்பர் உடுப்பையும் மீறி உதடு நடுங்கும். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றிப் போனில் சொன்னேன் அல்லவா? அவருடைய அப்பா கரும்பு வெட்ட இத்தாலியிலிருந்து வந்தவர். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். மழையே பெய்யாத இந்த மாதத்திலும் 0, 0 என்று வரிசையாக இருக்கிறது. எங்கள் வேலையிலும் அப்படித்தான். மீன் இல்லாத இடத்தில் 0 எழுதாமல் விட்டால் மொத்தக் கணக்கும் தப்பிவிடும். அவர் கத்தரிக்காய், பச்சைமிளகாய் எல்லாம் கொடுக்கிறார். படகு போகாத வாரங்களில் அந்தக் குழம்பும் கஞ்சியும்தான், உடம்புக்கும் நல்லது. சைக்கிளை விற்றுவிட்டேன். நடப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆடிப்பெருக்கன்று கடலில்தான் இருந்தேன். மணல்திட்டில் ஒரு பொந்து, வாசலில் விரல் நீளத்துக்கு ஒரு மீன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, உளுவைச் சாதி. பொந்தைத் தோண்டுவது ஒரு சின்ன இறால், அதற்குக் கண் சரியாகத் தெரியாது. மணலை வெளியே தள்ள வரும்போதெல்லாம் ஒரு மீசையை உளுவையின் மேல் வைத்துக்கொண்டே வரும். ஆபத்து என்றால் உளுவை வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே போய்விடும். எங்கள் பட்டியலில் உளுவை கிடையாது. ஆனாலும் நின்றுவிட்டேன். அம்மா படித்துறையில் காதோலை கருகமணி விடுவதும், அப்பாயி வாய்க்கால் உளுவையைச் சாம்பல் போட்டு உரசுவதும் ஒரேயடியாக வந்து நெஞ்சை அடைத்தது. முகமூடிக்குள் அழுதால் துடைக்க முடியாது அப்பா. எண்ணிக்கை விட்டுப்போய், அந்த 50 மீட்டரை மறுபடியும் நீந்தினேன்.

சரி, கீழ்வயல் விஷயம். இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விடத் தம்பி சொல்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அப்பா. உப்புத் தண்ணீர் நம் வரப்போடு நிற்காது, சித்தப்பாவின் மூன்று மாவுக்குள் இறங்கும். குத்தகை முடிந்து நிலம் கைக்கு வரும்போது நெல் பிடிக்காது. என்னை அனுப்ப வாங்கிய கடனை நினைத்துத்தான் யோசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா சங்கிலிக்கு இந்த முறை வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள். அசலைத் தைக்குள் நான் அனுப்பிவிடுகிறேன், திருப்பிவிடலாம். அதுவரை யார் வந்து கேட்டாலும் கையெழுத்துப் போட வேண்டாம். தம்பியிடம் நானே பேசுகிறேன், நீங்கள் அவனைத் திட்ட வேண்டாம்.

அக்கா வளைகாப்புக்குத் தேதி குறித்துவிட்டால் உடனே சொல்லுங்கள். அத்தான் வீட்டுக்கு முதலில் நீங்கள்தான் போய் அழைக்க வேண்டும், போனில் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அப்பாயிக்குக் கண் சொட்டுமருந்து தீர்ந்திருக்கும், மன்னார்குடி போகும்போது வாங்கிவிடுங்கள். மேட்டூர்த் தண்ணீர் நம் மதகுக்கு என்றைக்கு வந்தது, கீழ்வயல் வரை ஏறியதா என்று எழுதுங்கள். தாத்தாவின் நோட்டைப் பார்த்து நானும் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன், அதில் குறித்துக்கொள்கிறேன்.

உங்கள்
சின்னவள்