குவாரி விரிவாக்கம்: மலை எப்படித் தெரியும் என்பதையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழனி மலை அடிவாரத்துக் கரடுகளில் ஓடும் கல்குவாரியை விரிவாக்க விண்ணப்பித்தால், தூசி, சத்தம், வெடி அதிர்வு எல்லாவற்றுக்கும் சுற்றுச்சூழல் அறிக்கையில் எண்கள் இருக்கும். மலையின் தோற்றத்துக்குப் பெரும்பாலும் “சுற்றிலும் மரக்கன்று நடப்படும்” என்ற ஒரு வரிதான். இதற்குப் படிவமும் ஒரு காரணம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், இயற்கை எழில் மறைக்கப்படுமா என்று நேராகக் கேட்பது படிவம் 1ஏ. அது கட்டடங்களுக்கானது. படிவம் 1, பக்தர்களும் சுற்றுலாப் பயணிகளும் செல்லும் பாதைகள் 15 கி.மீ.க்குள் உண்டா என்று கேட்கிறது. அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்பதில்லை.

இது ரசனை சார்ந்தது, அளக்க முடியாது என்பார்கள். பெரும்பகுதியை அளக்கலாம், செலவும் அதிகமில்லை. நிலத்தை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து உயரம் பதிந்த தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினால், வெட்டு முகம், அதாவது பாறையை வெட்டிய செங்குத்துப் பக்கம், எந்த ஊர்களுக்குத் தெரியும் என்று வரைபடம் வந்துவிடும். குவாரியின் நடுவில் ஒரே புள்ளி வைத்துக் கணக்கிட்டால் முடிவு தப்பாகும். மேல் விளிம்பு முழுக்கப் புள்ளிகள் வேண்டும். குறுகலான கரட்டின் உச்சியை 30 மீட்டர் கட்டம் மழுங்கடித்துவிடும் என்பதால், நேரில் போய்ச் சரிபார்க்காமல் அந்த வரைபடத்தை நம்பக் கூடாது.

அடுத்தது, எங்கே நின்று பார்ப்பது. குவாரி வாசல் சாலையில் நாலு படம் எடுத்தால் போதாது. பழனி மலைக்கோயில், தைப்பூசப் பாதயாத்திரை வரும் சாலைகள், வரதமாநதி அணை, கொடைக்கானல் மலைப்பாதை வளைவுகள், மேலே குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்று மக்கள் நின்று பார்க்கும் இடங்களில் குவாரி தெரியக்கூடியவை அனைத்தும் பட்டியலில் வர வேண்டும்.

படத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். செல்போனின் வழக்கமான லென்ஸ் அகலமானது, 50 மி.மீ. லென்ஸில் தெரிவதில் ஏறக்குறையப் பாதியாக மலையைச் சுருக்கிவிடும். 300 மீட்டர் அகலமும் 60 மீட்டர் உயரமும் உள்ள வெட்டு முகம், 5 கி.மீ. தள்ளி நிற்பவருக்கு, 60 செ.மீ. தூரத்தில் பிடித்த அளவுகோலில் 3.6 செ.மீ. அகலம், 7 மி.மீ. உயரம் தெரியும். முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸால் எடுத்து, வெட்டாமல் ஏ3 தாளில் அச்சிட்டு, 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால் ஏறக்குறைய அதே அளவு வரும். தபால் அட்டை அளவில் அறிக்கையில் ஒட்டிய படத்தைப் பார்த்து “பெரிதாகத் தெரியவில்லையே” என்று யாரும் முடிவு செய்யக் கூடாது.

எந்த மாதத்தில் எடுத்த படம் என்பதும் முக்கியம். மாசி, பங்குனி மூட்டத்தில் எந்தக் காயமும் மங்கித் தெரியும். மழை கழுவிய கார்த்திகைக் காலையில் அதுவே பளிச்சென்று தெரியும். பழனி மலைத்தொடரின் வடக்குச் சரிவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மார்கழியில் சூரியன் தெற்கே இருப்பதால் வடக்கு பார்த்த வெட்டு முகம் நிழலில் கிடக்கும். ஆனியில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அதே முகம் நடுப்பகலில் வெள்ளையாக மின்னும். பழைய பாறை பாசியும் பூஞ்சையும் படிந்து கறுத்திருக்கும். புது வெட்டு கல்தூசியால் வெளிறியிருக்கும். அந்த வேறுபாடு மறையப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே இரண்டு பருவப் படமும் வேண்டும்.

விரிவாக்கத்தில் ஏக்கர் கணக்கைவிட முக்கியமானது மலைக்கோடு, அதாவது வானத்தோடு மலை சேரும் விளிம்பு. சரிவுக்குள் 50 மீட்டர் வெட்டினால் ஒரு தழும்பு. உச்சியில் 5 மீட்டர் குறைந்தால் மலையின் வடிவமே மாறும், அதற்குப் பரிகாரமே கிடையாது. “ஏற்கெனவே குவாரி இருக்கிற இடம்தானே” என்ற வாதம் இங்கே செல்லாது. குவாரியின் முதல் ஐந்தாண்டு வெட்டுத் திட்டத்தை மட்டும் காட்டாமல், கடைசிக் கட்டத்தில் மலை எப்படி நிற்கும் என்று வரைய வேண்டும். 500 மீட்டருக்குள் உள்ள பக்கத்துக் குவாரிக் குத்தகைகளையும் அதே படத்தில் சேர்க்க வேண்டும்.

மரம் நடுவதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குவாரி எல்லையில் 6 மீட்டர் வளர்ந்த வேம்பு, அரை கி.மீ. தள்ளிச் சாலையில் நிற்பவருக்கு 60 மீட்டர் முகத்தில் அடிப்பகுதி ஆறேழு மீட்டரைத்தான் மறைக்கும். சாலையிலிருந்து 10 மீட்டரில் நட்டால் 3 மீட்டர் மரமே முழு முகத்தையும் மறைக்கும். மலையும் சேர்ந்து மறையும் என்பது வருத்தம். மேலிருந்து பார்க்கும் குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்தருக்கு எந்த மர வேலியும் பயன்படாது.

உண்மையில் பலன் தருவது வெட்டும் முறைதான். ஊரைப் பார்த்த முன்பக்கத்தைச் சுவர்போல விட்டுவிட்டுப் பின்னாலிருந்து வெட்டலாம். 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று பெஞ்ச், அதாவது பாறையைப் படிப்படியாக, இறக்கும்போது நேர்கோட்டுப் படிகள்தான் தூரத்துக் கண்ணை உறுத்தும். விளிம்புகளை ஒழுங்கற்று விட்டு, முதல் நாளே தனியாகக் குவித்த மேல்மண்ணைப் படிகளில் பரப்பி உள்ளூர்ப் புல் விதைத்தால் கோடு உடையும். கழிவுக் கல்லைச் சரிவில் உருட்டிவிடவே கூடாது. லாரிப் பாதை பின்பக்கமாக ஏற வேண்டும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன் அறிவிப்பு உண்டு. அந்த நாட்களில் வரைவு அறிக்கையில் மக்கள் முதலில் தேட வேண்டியது, குத்தகை முடியும்போது எஞ்சும் உச்சியின் கடல்மட்ட உயரம். அது மீட்டரில் எழுதப்படவில்லை என்றால், பின்னாளில் உச்சி குறைந்ததா இல்லையா என்று எந்த அதிகாரியாலும் சரிபார்க்க முடியாது.

இப்படிக்கு,
வாசகர், ஆயக்குடி