கலுங்கில் அடுக்கிய மூட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை பிடித்தால் எங்கள் பக்கம் மேலூரும் கீழூரும் முகம் கொடுத்துப் பேசாது. மேலக் கண்மாய் நிறைந்து, மிகைநீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால்தான் கீழே எங்களுக்குத் தண்ணீர். போன ஐப்பசியில் நேரில் போய்ப் பார்த்தேன். கலுங்குக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மணல் மூட்டை, அதன்மேல் வைக்கோல் பிசைந்த களிமண். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக அங்கே நிற்கிறது. எங்கள் மடையடியில் ஆடு மேய்கிறது. மூட்டை அடுக்கிய மேலூர்க்காரர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. அவர்கள் கண்மாயில் பாதி வண்டல், மீதி சீமைக்கருவேலம்.

மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ‘இது எங்கள் கண்மாய் இல்லை, ஊராட்சி ஒன்றியத்தில் கேளுங்கள்’ என்றார்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் வந்த சட்டம் பொதுப்பணித் துறை வசமிருந்த ஏரிகளுக்காக எழுதப்பட்டது. சரி, ஒன்றியத்துச் சிறு கண்மாய்களும் செட்டிநாட்டு ஊருணிகளும் என்ன பாவம் செய்தன? தண்ணீருக்குத் துறை தெரியுமா?

அவற்றையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். அப்புறம், ஒவ்வொரு கலுங்கின் மட்டத்தையும் அளந்து, அந்தக் கல்லிலேயே வெட்டி வைக்கட்டும். வரத்துக்கால் எந்த ஊர் வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்ற வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்கட்டும். இந்த ஐப்பசிக்குள் முடியுமா?

ஒரு விவசாயி,
தேவகோட்டை வட்டம்