ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள், டாக்டர்

சேலத்தில் இருந்தபடி மலைக் கிராமத்துப் பிள்ளைகளைக் காணொலியில் பார்க்கும் குழந்தை மருத்துவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் சேர்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் ஊரில் பிள்ளைக்கு முடியவில்லை என்றால் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். நீங்கள் திரையில் பார்க்கும்போது போனைப் பிடித்திருக்கும் கை பல சமயம் என்னுடையது.

குறை சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2020 ஏப்ரலில் இ-சஞ்சீவனி என்ற அரசின் தொலைமருத்துவ சேவையில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம் என்று வந்தபோது எனக்கு நம்பிக்கை இல்லை. அப்புறம் பார்த்தேன், காப்பி பறிக்கும் நாளில் சாதாரண சளிக்காக ஒரு தாய் கூலியை விட்டுவிட்டு மலை இறங்க வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் போனை விட்டால் வேறு வழி ஏது?

ஆனால் போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழு மாதப் பிள்ளை, மூன்று நாளாக இருமல், லேசான காய்ச்சல். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரு பாறைமேல்தான். குளிர் என்பதால் பிள்ளைக்கு ஸ்வெட்டர், குல்லா, மேலே ஒரு போர்வை. அந்த மூட்டையைத்தான் டாக்டருக்குக் காட்டினோம். இரண்டு நிமிடம். "சளிதான், சிரப் எழுதியிருக்கேன், தேவைப்பட்டா கூட்டிட்டு வாங்க." சரி என்று இறங்கி வந்துவிட்டோம். இத்தனை வருட அனுபவம் இருந்தும் போர்வையை விலக்க எனக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இரவு பத்து மணிக்குப் பாட்டி வந்து, "விலா இழுக்குதும்மா" என்றார். சட்டையைத் தூக்கினேன். மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஒரு நிமிடத்துக்கு 68 மூச்சு. அந்த வயதில் 50 வந்தாலே வேகமான மூச்சு. 108-ல் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, ஆக்சிஜன் வைத்து, பிள்ளை பிழைத்தது. இப்போது நடக்கிறது.

அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. மூட்டையைக் காட்டினால் யாருக்குத்தான் தெரியும்? ஆனால் சட்டையைத் தூக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். நான் கேட்பது அவ்வளவுதான்: எங்கள் கையை உங்கள் கையாகப் பயன்படுத்துங்கள். வீடியோ விட்டுவிட்டு ஓடும்போது நீங்களாக மூச்சை எண்ண முடியாது. எங்களை எண்ணச் சொல்லுங்கள், பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது, முழுதாக ஒரு நிமிடம். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த மூன்று எண்ணும் எங்கள் செவிலியர்களுக்கு மனப்பாடம். நீங்கள் அதைக் கேட்பதே இல்லை. வீடியோ நின்றுவிட்டால், சட்டையைத் தூக்கி அரை நிமிடம் பதிவு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிக்னல் வரும்போது தானாகப் போய்ச் சேரும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியில் வரும் எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பெரியவர்களுக்கான கிளிப் கைக்குழந்தையின் விரலில் நிற்காது. காலின் கட்டைவிரலில் சுற்றும் குழந்தைகளுக்கான உணரி வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேலத்துப் பிள்ளையைவிட ஒன்றிரண்டு குறைத்துக் காட்டினால் பதற வேண்டாம். 90-க்குக் கீழே போனால் மலையாவது சமவெளியாவது, ஆக்சிஜன்தான்.

மருந்து விஷயத்தில் ஒரே ஒரு பயம். "பாரசிட்டமால் 5 மில்லி" என்று மட்டும் சொல்லாதீர்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. சொட்டு மருந்தில் ஒரே மில்லியிலேயே 100. விட்டுவிட்டுக் கேட்கும் லைனில் "5 மில்லி" மட்டும்தான் தாயின் காதில் விழும், வீட்டில் இருப்பது எந்தப் பாட்டில் என்று யாருக்குத் தெரியும்? எடையைக் கேளுங்கள், பாட்டிலைக் கேமரா முன் பிடிக்கச் சொல்லுங்கள். வயிற்றால் போகும் பிள்ளைக்கும் இதேபோல, கையில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் துணை சுகாதார நிலையத்திலேயே இருக்கும்போது, டவுனுக்கு ஓட வைக்கும் மருந்தை எழுத வேண்டியதில்லை. பாட்டிமார் "சீர் தட்டியிருக்கு" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். கண் உள்ளே போய், உச்சிக்குழி அமுங்கியிருப்பதைத்தான் பல சமயம் அப்படிச் சொல்கிறார்கள். உங்களுக்கு அது நல்ல தகவல்.

இனி அந்த "தேவைப்பட்டா கூட்டிட்டு வாங்க". உங்களுக்கு அது சாதாரண வார்த்தை. இங்கே ஒரு தாய்க்குத் தேவை என்பது சேலத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர், வண்டிக் காசு, நாளைய கூலி, வீட்டில் விட்டுப் போகும் இன்னொரு பிள்ளை. இதையெல்லாம் எடை போட்டுப் பார்த்தால் யாருக்கும் "தேவை" வராது, நள்ளிரவு ஆகும்வரை. அதனால் தேவை எது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பால் குடிக்கவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினால் எழவில்லை, விலா இழுக்கிறது. இதில் ஒன்று வந்தாலும் உடனே கிளம்பு, இன்ன இடத்துக்குப் போ என்று. தாயையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நேரில்தான் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள், 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலே அந்த முடிவை உங்கள் கையில்தான் கொடுத்திருக்கிறது. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

கடைசியாக ஒன்று, இதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். காலையில் பார்த்த பிள்ளையை மாலையில் ஒரு தடவை திரும்பப் பாருங்கள், குறைந்தது ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளையாவது. அன்றைக்கு மாலை ஒரு அழைப்பு வந்திருந்தால் அந்த 68 மூச்சை இருட்டும் முன்பே எண்ணியிருப்பேன். நாங்கள் கூப்பிட்டால் வரிசையில் காத்திருந்து வேறு டாக்டரிடம்தான் போய்ச் சேர்கிறோம், கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நேரத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறி நிற்போம்.