டம்ளரில் வந்த பூ

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். பொங்கல் முடிந்து வீடு அமைதியாகிவிட்டது. மகளும் பேத்தியும் ஜனவரி முதல் வாரமே இத்தாலியில் இருக்கும் மிலானுக்குத் திரும்பிவிட்டார்கள். மாடியில் இருந்த மூன்று சுக்கினிச் செடிகளில் (வெள்ளரி போல நீளமாகக் காய்க்கிற பூசணி வகை) இரண்டு ஓய்ந்துவிட்டன. நேற்று அவற்றைப் பிடுங்கிவிட்டுப் பையை உதறும்போதே இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. தள்ளிப்போட்டால் யாராவது ஒருவரை விட்டுவிடுவேன். இந்தக் கோவை வடவள்ளி மாடியில் பதினேழு காய் காய்த்தது. அதில் ஒன்றைக்கூட நான் தனியாக வளர்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். போன ஜூன் மாதம் மகள் போனில் பேசும்போது, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாள். நாலு வயதுப் பேத்திக்குக் காய்கறி என்றாலே ஆகாது. சுக்கினி ஒன்றைத்தான் முகம் சுளிக்காமல் சாப்பிடுவாள் என்றாள். அந்த ஊரில் அதன் பூவைக்கூட மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்களாம். இன்றைய சுக்கினி வகை உருவானதே மிலான் பக்கத்தில்தான், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். இங்கேயும் பெரிய கடைகளில் கிடைக்கிறது. ஆனால் குளிர்பெட்டியில் நாலு நாள் கிடந்து வாடிய காயைக் கொடுக்க மனசு வரவில்லை. பூவோ எந்தக் கடையிலும் கிடையாது. சரி, நாமே விதை போடுவோம் என்று இறங்கினேன்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆடியிலேயே போட்டேன். முளைத்தது, நன்றாகவே வளர்ந்தது. ஆனால் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து வருகிற ஊர் இது. சுக்கினி இலை தாமரை இலை மாதிரி அகலம். அதைத் தாங்கும் காம்போ உள்ளே வெறும் குழல். ஒரே வாரத்தில் பாதி இலை மடிந்து தொங்கியது. மீதி இலைகளில் நரம்போரமாக வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருந்தது. பூஞ்சையால் வருகிற சாம்பல் நோய் என்று நினைத்து, நானே கத்தரியை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தேன். ஒரு பூகூடப் பார்க்காமல் செடி போய்விட்டது. அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன் என்பதை என் நடைத் தோழிக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தோழிக்குத்தான் முதல் நன்றி. "தீபாவளி முடியட்டும்க்கா, காத்தும் நிக்கும், வெயிலும் இறங்கும். நானும் போடறேன், பாதிப் பாதி" என்று சொல்லிப் பத்து விதை இருந்த பொட்டலத்தை வாங்கி வந்தீர்கள். ஐந்து எனக்கு, ஐந்து உங்களுக்கு. அந்தக் கணக்கு பிற்பாடு எனக்கு எவ்வளவு பெரிய உதவியாக முடியும் என்று அன்றைக்கு நம் இருவருக்குமே தெரியாது.

தொண்டாமுத்தூர் ஐயாவுக்கு அடுத்த நன்றி. இரண்டு மூட்டை தொழுவுரத்தை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வைத்து நீங்களே கொண்டுவந்தீர்கள். மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடியை என் மூக்கருகே நீட்டி, "மோந்து பாரு அம்மிணி, சாணி வாசம் வரக்கூடாது, மழை மண் வாசம்தான் வரோணும்" என்றீர்கள். அப்படியேதான் இருந்தது. செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, உங்கள் உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. பதினைந்து அங்குல அகலமும் அதே அளவு உயரமும் உள்ள பைகள். சின்னத் தொட்டியில் வைத்தால் சுக்கினி சோம்பிவிடும் என்று எச்சரித்ததும் நீங்கள்தான். அந்தப் பைகளை மாடிக்கு ஏற்றிய என் மகனுக்கும் இங்கேயே ஒரு நன்றி. முதுகு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. விரல் கணு ஆழத்துக்குக் குழி செய்து விதையைப் பக்கவாட்டில் நிறுத்திப் போட்டேன். நாற்றுவிட்டு எடுத்து நடவில்லை. வேரைத் தொந்தரவு செய்தால் இந்தச் செடிக்குப் பிடிக்காது. ஆறாம் நாள் காலையில் பார்த்தால் மண் வெடித்து ஒரு வெளிர்பச்சைக் கழுத்து வளைந்து எழுந்திருந்தது. விதைத்தோல் இரண்டு வித்திலைகளையும் கவ்விக்கொண்டு, குழந்தை தலையில் போட்ட குல்லா மாதிரி உட்கார்ந்திருந்தது. பிய்த்துவிடக் கை துடித்தது. ஆனால் அந்தத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். மறுநாள் தானாகவே கழன்று விழுந்து கிடந்தது. ஐந்தில் நாலு முளைத்தது, ஒன்றை நத்தை தின்றது, மூன்று தேறியது.

இப்போது மேல்வீட்டில் குடியிருக்கும் தம்பிக்கு வருகிறேன். வேளாண் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, செப்டம்பரில்தான் குடிவந்தது. நவம்பர் கடைசியில் அந்த வெள்ளைத் திட்டு மறுபடியும் வந்தது. நான் கத்தரியோடு நிற்கிறேன். துணி காயப்போட வந்த நீங்கள் ஓடிவந்து, "ஆன்ட்டி, இருங்க, வெட்டாதீங்க" என்றீர்கள். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தத் திட்டின் மேல் தேய்க்கச் சொன்னீர்கள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "நோயா இருந்தா மாவு மாதிரி ஒட்டும். இது இந்தச் செடியோட இயல்பு. சில ரகத்துல இலை நரம்போரம் இப்படித்தான் வெள்ளி பூசின மாதிரி இருக்கும்."

அன்றைக்கு எனக்கு ஆடி மாதம் நினைவுக்கு வந்தது. வெட்டி எறிந்ததெல்லாம் நல்ல இலை. சுக்கினி வளர்க்கிற எல்லோருக்கும் இந்த ஒரு விஷயம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். வெட்டுவதற்கு முன்னால் விரலால் ஒரு முறை தேய்த்துப் பாருங்கள்.

டிசம்பர் நடுவில் உண்மையாகவே சாம்பல் நோய் எட்டிப் பார்த்தது. அடி இலையில், விரலில் ஒட்டுகிற வெள்ளை மாவு. மருந்து வாங்கலாமா என்று கேட்டதற்குத் தம்பி, "பால் இருந்தா போதும் ஆன்ட்டி" என்றார். பிரேசிலில் ஓர் ஆராய்ச்சியாளர் பசுமைக்குடிலில் இருந்த சுக்கினிச் செடிகளின் மேல் பசும்பாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துப் பார்த்து, சாம்பல் நோய் அடங்கியதை 1999இல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறாராம். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் இரண்டு முறை, காலை வெயிலில். அப்படியே செய்தோம். அந்த இரண்டு இலையைத் தாண்டி நோய் பெரிதாகப் பரவவில்லை. இதைக் கேட்ட நம் பால்காரர் புதன், சனிக்கிழமைகளில் ஒரு டம்ளர் கூடுதலாக ஊற்றிவிட்டு, மாதக் கடைசியில் அதைக் கணக்கில் எழுதவே இல்லை. கேட்டதற்கு, "செடிக்குக் குடுக்கற பாலுக்குக் காசு வாங்க மாட்டேனுங்க" என்றார். அண்ணா, அந்தப் பால் வீண்போகவில்லை.

பூவின் கதைக்கு வருகிறேன். டிசம்பர் 12ஆம் தேதி முதல் பூ. உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். அடுத்த நாள் இரண்டு, அதற்கடுத்த நாள் மூன்று. எல்லாம் ஒல்லிக் காம்பில் நின்ற ஆண் பூக்கள். பெண் பூ என்றால் பூவுக்குக் கீழேயே விரல் நுனியளவு பிஞ்சு இருக்கும். அது வரவே இல்லை. எதிர் வீட்டுக் குட்டிப் பெண் அதற்குள் மார்கழிக் கோலத்துக்காக வாசலில் வந்து நின்றுவிட்டாள். சாணிப் பிள்ளையாருக்கு வைக்கப் பூசணிப் பூ கிடைக்கவில்லை, இந்தப் பூவைத் தரமுடியுமா என்று கேட்டாள். பார்த்தால் இரண்டும் ஒரே சாயல்தான், சுக்கினியும் பூசணிக் குடும்பம்தானே. கொடுத்தேன். மூன்று நாள் அந்தத் தெருவில் மிகப் பெரிய பூ அவள் கோலத்தில்தான் இருந்தது.

மார்கழி 3ஆம் நாள் காலை ஆறரை மணி. மாடிக்குப் போனால் முதல் பெண் பூ மலர்ந்திருக்கிறது, பக்கத்துச் செடியில் இன்னொன்று. ஆண் பூ ஒன்றுகூட இல்லை. மூன்று செடியிலும் தேடிவிட்டேன், எல்லாம் நாளைக்கு மலரப்போகிற மொட்டுகள். பெண் பூ அன்று ஒரு காலைதான் விரிந்திருக்கும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகி, கொழகொழத்து, மூன்றாம் நாள் விழுந்துவிடும். பேத்தி வர நாலு நாள்தான் இருந்தது. நடைத் தோழிக்குப் போன் போட்டேன்.

நீங்கள் நடைக்குக் கிளம்பி நின்றிருந்தீர்கள். கால் மணி நேரத்தில் வந்துவிட்டீர்கள், கையில் ஓர் எவர்சில்வர் டம்ளரோடு. டம்ளரில் இரண்டு விரல் உயரம் தண்ணீர், தண்ணீரில் நிற்கிற மூன்று ஆண் பூக்கள். வழியில் காற்றுப் படாமல் இருக்க முந்தானையால் மூடிக்கொண்டு வந்திருந்தீர்கள். உங்கள் வீட்டில் அன்றைக்கு மலர்ந்ததே அந்த மூன்றுதான் என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் செடியிலும் மறுநாள் ஒரு பெண் பூ மலர இருந்தது. அதற்கென்று ஒன்றையாவது பறித்துக் குளிர்பெட்டியில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

இதழைப் பிய்த்துவிட்டு நடுத்தண்டை மட்டும் எடுத்துத் தடவுவதுதான் வழக்கம். இதழில் கை வைக்கும்போது கீழிருந்து குட்டிப் பெண்ணின் குரல்: "பாட்டி, இன்னிக்குப் பூ?" விஷயத்தைச் சொன்னோம். ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வீட்டுக்கு ஓடி, படம் வரைகிற மெல்லிய தூரிகையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இதால எடுத்தா பூ கிழியாதுல்ல?" பொன்துகள் மாதிரி மகரந்தம் தூரிகையில் அப்பிக்கொண்டு வந்தது. அவளே பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினாள், நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, பரீட்சைக்குப் படம் போடுகிற கவனத்தோடு. அப்புறம் கிழியாத அந்த மூன்று பூவும் கோலத்துக்குப் போயின. அன்றிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. முதலில் தூரிகை, பிறகு கோலம். கண்ணு, உனக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? பதினேழு காயில் பதினொன்று உன் கைபட்டது.

மற்றவை யார் கைபட்டவை என்று கேட்டால், மீட்டர் பெட்டிக்குள் கூடு கட்டியிருக்கும் கொசுத்தேனீக்களைத்தான் காட்டுவேன். அந்தக் கூட்டைக் கலைக்க வேண்டாம் என்று பத்து வருடமாகக் காத்துவருகிற எங்கள் பக்கத்து வீட்டு ஐயாவுக்கும் என் வணக்கம். பழ ஈயால் இரண்டு பிஞ்சு போனது உண்மை. பொறி கட்டியபின் அதுவும் குறைந்தது.

டிசம்பர் 24ஆம் தேதி முதல் காயைப் பேத்தியே திருகிப் பறித்தாள். ஒரு சாண் நீளம், கரும்பச்சை, தோல் நகம் பட்டாலே கீறுகிற அளவு பிஞ்சு. பாதியைப் பாசிப்பருப்புக் கூட்டாக வைத்தேன், பாதியை அவள் அம்மா வதக்கினாள். நிறையத் தண்ணீர் விடுகிற காய் இது, உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். பேத்தி கூட்டை முதலில் தொடவில்லை. பிறகு ஒரு வாய், இன்னொரு வாய். கிண்ணத்தை வழித்து வைத்தாள். ஆண் பூக்களைக் கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி போட்ட சாயங்காலம் நீங்கள் எல்லோருமே வந்திருந்தீர்கள், அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

தம்பிக்கு இன்னொரு நன்றி பாக்கி இருக்கிறது. ஒரு காயை முற்றவிட்டு விதை எடுத்து எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். அவர் தடுத்தார். பக்கத்தில் அதே இனத்தைச் சேர்ந்த, அலங்காரத்துக்கு வளர்க்கிற அழகுப் பூசணி ஏதாவது பூத்து மகரந்தம் கலந்துவிட்டால், அந்த விதையிலிருந்து வரும் காயில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு ஏறிவிடலாம், சமைத்தாலும் அது போகாது என்றார். 2015இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் ஊரில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினியைச் சாப்பிட்ட 79 வயதுப் பெரியவர் இறந்தே போயிருக்கிறார். அதனால் ஒவ்வொரு காயிலும் நுனியில் ஒரு சின்னத் துண்டை வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுப்பில் ஏற்றினேன். கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிட வேண்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள், ருசிக்காகப் பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

மீதி இருக்கிற ஒரு செடியில் இன்று காலையும் இரண்டு பூ. அந்தச் செடியின் கடைசிக் காய் தொண்டாமுத்தூர் ஐயா வீட்டுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஐயா, இந்த வாரம் பக்கத்தில் வந்தால் ஏறிவிட்டுப் போங்கள்.

தோழி, உங்கள் எவர்சில்வர் டம்ளர் இன்னும் என் சமையலறை ஜன்னலில்தான் இருக்கிறது. நாளைக் காலை நடைக்கு வரும்போது எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
வடவள்ளி மாடித்தோட்டத்துப் பாட்டி