மாட்டாத பெல்ட்டுக்கு மெக்கானிக் பில் கேட்கிறீர்கள்

அனுப்புநர்
குவாலிஸ் வேன் உரிமையாளர்,
காந்தி நகர், காட்பாடி,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்
குறைதீர்ப்பு அதிகாரி,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தவறான டைமிங் பெல்ட் அனுப்பியது, மாற்றித் தந்ததும் தவறாகவே வந்தது, பணத்தைத் திருப்பித் தர மறுப்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

பங்குனி மாதக் கடைசியில் உங்கள் இணையதளத்தில் டொயோட்டா குவாலிஸ் 2.4 டீசலுக்கான டைமிங் பெல்ட் கிட் ஒன்றை ரூ. 3,850 கட்டி வாங்கினேன். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது ஓடும் வழியில் தாங்கிச் சுழலும் ஐட்லர் பேரிங் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. பேரிங்குகளில் எனக்குக் குறை இல்லை, கையால் சுற்றிப் பார்த்தேன், நன்றாகவே சுற்றின. பெல்ட்தான் என் வண்டிக்கு உரியது இல்லை. புகார் செய்தேன், மாற்றி அனுப்பினீர்கள், வந்ததும் அதே பெல்ட். சரி, பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டால், அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக் மாட்டியதற்கான பில் இல்லாமல் வாரண்டி செல்லாது என்று மெயில் வருகிறது. வண்டியில் ஏறவே ஏறாத பெல்ட்டுக்கு மாட்டுக்கூலி பில் எந்த மெக்கானிக் போட்டுத் தருவார்?

வண்டி 2003 மாடல். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி சிஎம்சிக்கு வரும் வெளிமாநில நோயாளிகள், ஸ்ரீபுரம் பொற்கோயில், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம், இவைதான் அதன் சவாரிகள். நான் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தவன். கிளட்ச், பிரேக், டைமிங் பெல்ட் எதுவானாலும் என் வீட்டு வாசலில் நானே செய்துகொள்வேன். சொந்தமாக வேலை செய்பவன் என்றதும் விஷயம் தெரியாதவன் என்று உங்கள் சேவைப் பிரிவு முடிவு கட்டிவிட்டது போலிருக்கிறது. அதனால்தான் நடந்ததைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

இந்த எஞ்சினில் பிஸ்டன்களால் சுழலும் கிராங்க், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், டீசல் பம்ப் மூன்றையும் ஒன்றாகக் கோத்துச் சுற்றுவது இந்த ஒரு பெல்ட்தான். 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் ஓடும் வண்டிக்கு நான் அதற்கு முன்பே மாற்றிவிடுவேன். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, ஃபேன், ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி எல்லாம் கழற்றி, கவரைத் திறந்து, முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். மூன்று புல்லியிலும் கம்பெனி மார்க் நேராக நின்றது. அதன் மேல் ஒயிட்னரால் ஒரு கோடும் போட்டுக்கொண்டு, டென்ஷனரைத் தளர்த்திப் பழைய பெல்ட்டை உருவினேன்.

உங்கள் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கிறது. பழைய பெல்ட்டையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மாட்டவும் என்பதுதான் அதில் முதல் வரி. நல்ல வரி. அதன்படியே இரண்டையும் சுவரில் ஒரே ஆணியில் மாட்டினேன். புதியது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கீழே தொங்கியது. அப்புறம் சாக்பீஸால் பத்துப் பல்லுக்கு ஒரு கோடு போட்டு எண்ணினேன். புதியதில் இரண்டு பல் கூடுதல். பெல்ட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் அங்கேயே அச்சாகியிருக்கிறது. இந்த வகைப் பெல்ட்டுகளில் வழக்கமாக முதல் எண் பல் எண்ணிக்கை, கடைசி எண் மில்லிமீட்டரில் அகலம். பழையதில் ஒரு எண், உங்கள் பெல்ட்டில் இரண்டு கூடுதலான எண். பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளில் மட்டும் குவாலிஸ் என்று சரியாகப் போட்டிருக்கிறது. ஆக, வேறு ஏதோ எஞ்சினின் பெல்ட் குவாலிஸ் பெட்டிக்குள் போயிருக்கிறது. பேக்கிங் செய்யும் இடத்தில் நடந்த குளறுபடி என்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை.

இதற்கு உங்களிடமிருந்து வந்த முதல் பதில், பழைய பெல்ட் ஓடி ஓடி அளவு மாறியிருக்கும் என்பது. ரப்பருக்குள் கண்ணாடி இழைக் கயிறு வைத்துச் செய்வதே பெல்ட் நீளாமலும் சுருங்காமலும் இருக்கத்தான். அப்படியே அளவு மாறியதாக வைத்துக்கொண்டாலும் பல்லின் எண்ணிக்கை எப்படி மாறும்? பழைய வேட்டி சாயம் போகும், நைந்து போகும், அதற்காக எட்டு முழம் ஏழு முழமாகிவிடாது.

மாற்றி அனுப்பிய இரண்டாவது பெல்ட்டின் முதுகிலும் அதே தவறான எண்தான். போதாததற்கு அதை நாலாக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, சின்ன கவரில் திணித்து அனுப்பியிருந்தார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் விரல் வைத்தாலே தழும்பு தெரிகிறது. டைமிங் பெல்ட்டை இப்படி மடித்தால் உள்ளே இழை முறிந்துவிடும் என்பது பெல்ட் விற்கும் கம்பெனிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதா?

இந்தப் பெல்ட்டை யாராவது பார்க்காமல் மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டென்ஷனரை எவ்வளவு தள்ளினாலும் தொய்வு சரியாக எடுபடாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகலாம், நாலு தெரு ஓடவும் செய்யலாம். ஒரு பல் தாண்டினால் புகை, தட்டல் சத்தம், இழுவை குறைவு. நாலு பல் தாண்டினாலோ கழன்றாலோ திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் இடித்து வால்வு வளைந்துவிடும், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்காமல் தீராது. இதெல்லாம் கண்ணமங்கலம் தாண்டி போளூர் ரோட்டில், ராத்திரி நேரத்தில், வயதானவர்களும் குழந்தைகளுமாக வண்டி நிறைய ஆள் இருக்கும்போது நடந்தால் என்ன கதி? இதே லேபிள் ஒட்டிய பெட்டிகள் வேறு எத்தனை பேருக்குப் போயிருக்கின்றனவோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. உங்கள் மெயில்களில் அந்தக் கவலையின் நிழல்கூட இல்லை. தொலைபேசியில் பேசிய பெண் மட்டும் மரியாதையாகப் பேசினார். அவர் கையில் எந்த அதிகாரமும் இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

கடைசியில் வேலூரில் தெரிந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பழைய பெல்ட்டைக் காட்டி, எண்ணிப் பார்த்து வேறு பெல்ட் வாங்கினேன். போட்டேன், ஸ்பேனரால் கிராங்கை மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். மூன்று மார்க்கும் திரும்ப நேராக வந்து நின்றன. வண்டி இப்போது ஓடுகிறது. ஆனால் அதற்குள் சித்ரா பௌர்ணமி சவாரிகள் கைவிட்டுப் போயின. வருடத்தில் எங்களுக்கு நாலு காசு பார்க்கும் நாட்கள் அவை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். கிட் பெட்டியாக விற்றதால் ரூ. 3,850 முழுவதையும் திருப்பித் தர வேண்டும், பேரிங்குகளையும் சேர்த்தே திருப்பி அனுப்புகிறேன். முதல் பெல்ட்டைத் திருப்பி அனுப்பிய கூரியர் செலவும் என் தலையில் விழக்கூடாது. அதைவிட முக்கியமாக, கிடங்கில் இருக்கும் இந்த லேபிள் பெட்டிகளைத் திறந்து பாருங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தகவல் கொடுங்கள். மெக்கானிக் பில் நிபந்தனையை மாட்டிய பிறகு வரும் பழுதுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது நியாயமா இல்லையா என்று வேறொரு நாள் பேசலாம். பெட்டியைத் திறந்ததுமே தெரியும் தவறுக்கு அதைக் கேட்காதீர்கள்.

நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இன்படி, புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அதிகாரி அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதன் பிறகு வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல், நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட வழி இருக்கிறது, உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. அப்படிப் போனால் இழந்த சவாரி வருமானத்தையும் சேர்த்துத்தான் கேட்பேன்.

பெட்டி, லேபிள், இரண்டு பெல்ட்டுகளும் ஒன்றாகத் தொங்கும் படம், முதுகில் உள்ள அச்சு, உங்கள் மெயில்கள், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டாவது பெல்ட்டும் பேரிங்குகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எடுத்துப் போக ஆள் அனுப்புவதானால் காலை 11 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன் ஸ்டேஷன் சவாரியில் இருப்பேன். பணம் என் கணக்கில் ஏறிய பிறகுதான் பொருளைக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
குவாலிஸ் வேன் உரிமையாளர்,
காட்பாடி.