வேண்டாம் என்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள லேத் பட்டறை அண்ணனுக்கும், ரோலர் கம்பெனி ஐயாவுக்கும், மெக்கானிக் அண்ணனுக்கும், எதிர்வீட்டு அக்காவுக்கும், அம்மாவுக்கும் வணக்கம்.

என் மாருதி எஸ்டீம் கார் ஓடுகிறது. இரண்டு மாதமாக நீங்கள் எல்லாரும் கேட்டது அதைத்தான், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். கிளட்சை விடும்போது வந்த 'டொக்' சத்தம் போய்விட்டது. ஆக்சிலேட்டரை மிதித்து விட்டால் கியர் ராடு முன்னும் பின்னும் தலையாட்டுவதும் நின்றுவிட்டது. முன்னெல்லாம் ரிவர்ஸ் போட்டால் என்ஜின் ஒரு தூக்கு தூக்கி உட்காரும். பக்கத்தில் இருப்பவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

என்ஜினைத் தாங்கிப் பிடிக்கப் போன வருடம் வாங்கிப் போட்ட லோக்கல் ரப்பர் மவுண்டிங் எட்டே மாதத்தில் கிழிந்தபோதுதான், ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரிதேன் (பி.யூ.) என்ற, ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்கை ஊற்றி நானே செய்துகொள்கிறேன் என்று கிளம்பினேன். உங்களில் யாரும் 'சபாஷ்' என்று சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு 'வேண்டாம்' சொன்னீர்கள். வண்டி ஓடுவது அந்த வேண்டாம்களால்தான்.

முதலில் எதிர்வீட்டு அக்காவிடம் மன்னிப்பு. மவுண்டிங்கின் இரும்புக் கூட்டிலிருந்து பழைய ரப்பரை எடுக்க அதைக் கொளுத்தினால் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மொட்டை மாடியில் கொளுத்தினேன். நீங்கள் துவைத்துக் காயப்போட்டிருந்த துணியெல்லாம் டயர் கடை வாசம். ரப்பரும் முழுதாக எரியாமல், தார் மாதிரி உருகி ஒட்டிக்கொண்டது.

அந்தக் கரிக்கட்டையைக் கோவை கணபதியில் இருக்கும் லேத் அண்ணனிடம் கொண்டுபோனேன். "எரிக்க வேண்டாம் தம்பி. இரும்பு கோணிக்கும், புகை நெஞ்சுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த மவுண்டிங்கை வாங்கி ட்ரில்லிங் மெஷினில் வைத்தார். ரப்பரில் வட்டமாக வரிசையாய் ஓட்டை போட்டார். ஓட்டைகளுக்கு நடுவே ஹேக்சா பிளேடை விட்டு அறுத்ததும், நடுவில் போல்ட் நுழையும் இரும்புக் குழாயான ஸ்லீவ் கையோடு வந்துவிட்டது. பத்து நிமிட வேலை. அப்புறம் கம்பி பிரஷ் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்க்கச் சொன்னார். பாலியூரிதேன் வழவழப்பான இரும்பில் பிடிக்காது, சொரசொரப்பு வேண்டும். நான் கேட்காமலேயே, கூட்டுக்கு அடியில் வைக்க ஒரு தட்டும் அதில் ஸ்லீவ் நிற்க ஒரு குமிழும் கடைந்து கொடுத்தார். கூலி கேட்டதற்கு, "ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அண்ணா, ஓடுகிறது. வருகிறேன்.

ரோலர் கம்பெனி ஐயாவுக்குத்தான் இந்த மடலில் பெரிய பங்கு. மில்லுக்கும் பிரிண்டிங் பிரஸ்ஸுக்கும் ரோலர் மேல் பி.யூ. போடுகிறவர். அவருடைய மருந்தையே கொஞ்சம் வாங்கிவரலாம் என்று ஒரு டப்பாவோடு போய் நின்றேன். "இது சூடா ஊத்தற ரகமுங்க. 100 டிகிரி பக்கம் உருக்கி ஊத்தணும். இறுகறதுக்கு இதுல சேர்க்கற மோக்காங்கற ரசாயனக் குருணை உடம்புக்கு ரொம்பக் கெடுதல். வீட்டுக்கு வேண்டாம்" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். கலந்து ஊற்றினால் தானாகவே இறுகும் இரண்டு டப்பா ரகம் ஒன்று இருப்பதை அவர்தான் சொன்னார். அதிலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுக்கும். கையுறை, ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த மாஸ்க், காற்றோட்டம், இவையில்லாமல் மூடியைத் திறக்கக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்.

சரி, வாங்கிவந்து ஊற்றினேன். ஐப்பசி மழை. பேப்பர் கப்பில் கலந்தேன், ஐஸ் குச்சியால் கிண்டினேன். மறுநாள் பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஐயாவிடம் ஓடினேன். கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீ மவுண்டிங் செய்யலை கண்ணு, மெத்தை செஞ்சிருக்கே!"

அது கிண்டலுக்குச் சொன்னது மட்டுமல்ல. ஐசோசயனேட்டில் தண்ணீர் பட்டால் கரியமில வாயு கிளம்பும். மெத்தைப் பஞ்சைக் கம்பெனிகளில் வேண்டுமென்றே அப்படித்தான் பொங்கவிடுகிறார்கள். என் விஷயத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? குச்சியிலிருந்து, கப்பிலிருந்து, மழைக்காற்றுக்குத் திறந்துவைத்த டப்பாவிலிருந்து. மரக்குச்சி காய்ந்தது போலத்தான் இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். "மரமும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். ஸ்டீல் கரண்டி, பிளாஸ்டிக் கப்" என்றார். இரும்புக் கூட்டையும் வெயிலில் காயவைத்தது போதாது, லேசாகச் சுட வைத்து ஆறவிடச் சொன்னார்.

இரண்டாவது முறை கலந்ததை, உள்ளே சிக்கிய காற்றை எடுக்கத் தன் வேக்கம் சேம்பரில் வைத்துக் காட்டினார். காற்றை இழுக்க இழுக்க, கப்பிலிருந்த தேன் நிறக் குழம்பு பால் பொங்குவது போல மேலே மேலே ஏறியது. நான் பதறிப்போய்க் கையை நீட்டினேன். "விடுங்க, அடங்கும்" என்றார். விளிம்பு வரை வந்து சட்டென்று அமுங்கி, கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது. கலந்ததிலிருந்து 20 நிமிடத்துக்குள் ஊற்றிவிட வேண்டும், அதற்குள் இவ்வளவும். அன்று அவர் ரோலர் வேலை அரை நாள் தாமதமாயிற்று என்று அங்கிருந்த பையன் பிறகு சொன்னான்.

மெக்கானிக் அண்ணனுக்கும் எனக்கும் நடந்தது நன்றி சொல்லும் விஷயமா, சண்டையா என்று தெரியாது. எல்லா மவுண்டிங்குக்கும் ஷோர் ஏ என்ற கடினத்தன்மை அளவில் 90 உள்ள கெட்டி பி.யூ. போட்டால் என்ஜின் அசையவே அசையாது என்று நான் சொன்னேன். "அசையாத என்ஜின் எதுக்கு? அப்புறம் பாடி அசையும்" என்றார். நான்கு சிலிண்டர் என்ஜின், வண்டி நிற்கும்போது ஐடிலில் நிமிடத்துக்கு 850 சுற்று ஓடினால் நொடிக்கு 28 தடவை உதறும். அதை வாங்கிக்கொள்ளத்தான் ரப்பரே இருக்கிறது. கடைசியில் அவர் சொன்னபடிதான் செய்தேன். என்ஜின் புரளாமல் இழுத்துப் பிடிக்கும் பின் மவுண்டிங்குக்கு 80. பாரம் தாங்கும் என்ஜின் பக்கத்துக்கும் கியர் பாக்ஸ் பக்கத்துக்கும் 60. பழைய ரப்பரில் இருந்த இடைவெளிகளையும் அடைக்க விடவில்லை. மெழுகு தடவிய அலுமினியத் துண்டுகளைச் செருகிவைத்து ஊற்றி, இறுகியதும் தட்டி எடுத்தேன்.

அவர் காட்டிய இன்னொன்று எனக்குத் தோன்றியே இருக்காது. ஸ்லீவைக் கூட்டின் நட்டநடுவில் நிறுத்தியிருந்தேன். அவர் ஸ்கேலை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என்ஜின் பாரம் ஏறியதும் ரப்பர் சில மில்லிமீட்டர் அமுங்கும், பி.யூ. அவ்வளவு அமுங்காது. நடுவில் வைத்தால் என்ஜின் தூக்கலாக உட்காரும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். வண்டியில் இருந்த இன்னும் கிழியாத மவுண்டிங்கைப் பாரத்தோடு அளந்து, அந்த அளவுக்கு ஸ்லீவைத் தள்ளி வைக்கச் சொன்னார். லேத் அண்ணன் மறுபடி ஒரு தட்டு கடைந்தார்.

மூன்றாம் நாளே மாட்டலாம் என்று போனபோது ஜாக்கியைத் தரவே மாட்டேன் என்றுவிட்டார். கையில் இறுகினாற்போல் இருந்தாலும் முழு பலம் வர ஏழு நாள். சைலன்சர் பைப் பக்கம் ஒரு தகரம் மறைப்பும் அடித்துக் கொடுத்தார், பி.யூ.வுக்குச் சூடு ஆகாது. இப்போது 2,000 கிலோமீட்டர் ஆகிறது. ஏசி போட்டு சிக்னலில் நின்றால் உள் கண்ணாடி லேசாக நடுங்குகிறது. அதையும் முன்பே சொல்லியிருந்தார். நல்ல ரப்பர் மவுண்டிங் கிடைக்கிற வண்டிக்காரர்கள் அதையே போடுங்கள், இந்தப் பாடு தேவையில்லை.

அம்மா, வீட்டுக்குள் வைத்துக் கலக்க வேண்டாம் என்று நீ மாடிக்குத் துரத்திவிட்டதில்தான் முதல்முறை மாஸ்க் இல்லாமலும் தப்பித்தேன். அதை ஐயாவிடம் சொல்லிவிடாதே. இரண்டு டப்பாவையும் கிராம் கணக்கில் நிறுக்க நான் கேட்காமல் எடுத்துப்போன உன் சமையல் தராசில் ஒரு சொட்டு விழுந்து இறுகிவிட்டது. சுரண்டிப் பார்த்தேன், இரும்பை விட அதில்தான் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. புதுத் தராசு அலமாரியில் இருக்கிறது. பழையதைத் தேட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் எஸ்டீம்காரன்